மறக்கச் சொல்லாத வைத்தியம்

பெரிய விபத்தில் பிழைத்தவரோ, தீயில் சிக்கி மீண்டவரோ, வன்முறைக்கு ஆளானவரோ வீட்டில் இருந்தால் நாம் முதலில் சொல்வது "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே" என்பதுதான். என்னிடமும் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், அக்கறையோடுதான் சொன்னார்கள். நானும் நினைக்காமல் இருக்க என்னென்ன உண்டோ எல்லாம் செய்து பார்த்தேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓட்டிய பிறகு என்னைத் தேற்றியது அதற்கு நேர் எதிரான ஒரு சிகிச்சை. நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை, கண்ணை மூடிக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிற சிகிச்சை. இப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் திருச்சியில் கணக்கு டீச்சர். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஆம்னி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். உளுந்தூர்பேட்டையைத் தாண்டி, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரம் நின்ற லாரியின் பின்பக்கம் எங்கள் பஸ் மோதியது. இடது பக்க முன்வரிசைகள் நசுங்கிவிட்டன. எனக்கு அடுத்து ஜன்னலோரம் இருந்த அக்கா இறந்துபோனார். பெருங்களத்தூரில் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தவர், மகளின் வளைகாப்புக்குப் போகிறேன் என்றார். எனக்குக் காலர் எலும்பு முறிவு, நெற்றியில் தையல்.

எலும்பு கூடிவிட்டது. பள்ளிக்கும் திரும்பப் போனேன். ஆனால் லாரியின் ஏர் பிரேக் 'புஸ்' என்று சத்தம் விட்டால் உடம்பு முழுக்கத் தூக்கிப் போடும். டீசல் வாசனையும் ஈர ரெக்சின் வாசனையும் சேர்ந்து வந்தால் நான் நிற்கும் இடம் மறைந்து பஸ்ஸுக்குள் இருப்பேன். விபத்து நடந்த நேரம் தாண்டும்வரை தூக்கம் வராது. மகன் கை தவறித் தட்டைப் போட்டால் அவன் மேல் பாய்வேன். கொழுந்தன் கல்யாணத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் எதுவும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தேன். நெடுஞ்சாலை பக்கமே போவதில்லை. டி.வி.எஸ். டோல்கேட்டைத் தவிர்க்க என் கணவர் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார்.

இது பயந்த கோளாறு என்று அத்தை நத்தர்வலி தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துவிட்டார், சமயபுரத்துக்கும் நேர்ந்துகொண்டார். அதைக் குறை சொல்ல மாட்டேன். என்னை ஒருத்தி கையைப் பிடித்து அழைத்துப்போகிறாள் என்ற நிம்மதி இருந்தது. ஒரு டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். அன்றைக்குத் தூங்கினேன், மறுநாள் தலை பாரமாக இருந்தது, கெட்ட கனவு மட்டும் நிற்கவில்லை. அப்புறம் ஒரு மனநலக் கவுன்சிலரிடம் பல வாரம் போனேன். நல்லவர், பொறுமையாகக் கேட்பார். பள்ளி, மாமியார், மகன் படிப்பு என்று எல்லாவற்றையும் பேசினோம், அழுதேன், லேசாக வீட்டுக்கு வந்தேன். விபத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் "அது வேண்டாம்மா, பழசைக் கிளற வேண்டாம்" என்று வேறு பக்கம் திருப்பிவிடுவார். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. நோய் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசியில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா இருபது கேள்விகளைத் தமிழில் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் கேட்டார். பி.சி.எல்.-5 என்ற அந்தப் பட்டியலில் மொத்தம் 80. 31 முதல் 33-ஐத் தாண்டினால் பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு அடங்காமல் தொடரும் மனநோய், இருக்கலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம். நான் அந்தக் கோட்டைத் தாண்டி வெகு தூரம் போயிருந்தேன். அவர் சொன்ன விளக்கம்தான் எனக்குக் கிடைத்த முதல் வெளிச்சம்: "பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் சில வாரம் இப்படி இருக்கிறது நிறையப் பேருக்கு வரும். பெரும்பாலானவங்களுக்குத் தானா அடங்கிடும். ஒரு மாசத்தைத் தாண்டியும் அடங்காம வாழ்க்கையையே கெடுத்தா அது ஒரு நோய். அதுக்குன்னு சிகிச்சை இருக்கு." இந்த நோயை அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன் கையேட்டில் 1980-லேயே சேர்த்துவிட்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களைப் பார்த்துத்தான் அந்த விவாதம் வலுத்தது. என்னைப் போல் பஸ்ஸில் போனவளுக்கும் அதுவே வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஏன் அடங்கவில்லை என்றும் சொன்னார். நினைவு வரும்போதெல்லாம் தள்ளிவிடுகிறோம், பஸ்ஸைப் பார்த்தால் ஒதுங்குகிறோம். ஒதுங்கியவுடன் படபடப்பு குறைகிறது. 'ஒதுங்கியதால்தான் பிழைத்தோம்' என்று மனசு கற்றுக்கொள்கிறது. அந்த ஆபத்து முடிந்துபோனது என்று தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கொடுப்பதில்லை. எலர்ஸ், கிளார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2000-இல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: நடந்து முடிந்த ஆபத்து இப்போதும் தொடர்வதுபோல் மனசு உணர்வதுதான் இந்த நோயைப் பிடித்து வைத்திருக்கிறது.

எனக்குச் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதிவிட்டு, அதே பிரிவில் இருந்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மேடத்திடம் அனுப்பினார். அவர் செய்தது ப்ரோலாங்டு எக்ஸ்போஷர் என்ற முறை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எட்னா ஃபோவா உருவாக்கியது. பொதுவாக வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், 8 முதல் 15 அமர்வுகள். கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனையில் ஒன்றரை மணி நேரம் சும்மா கிடைக்காது. ஓ.பி. ஓய்ந்த பிறகு எனக்கென்று நேரம் ஒதுக்கினார், அந்த நன்றி என்றைக்கும் உண்டு.

ஆரம்ப அமர்வுகளில் விபத்தைத் தொடவில்லை. என்ன செய்யப் போகிறோம், எதற்குச் செய்கிறோம், நடுவில் எப்படிக் கஷ்டமாக இருக்கும் என்று விளக்கினார். மெதுவாக மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தார். பிறகுதான் அது.

மேசையில் என் செல்போனை ரெக்கார்டிங்கில் வைத்தார். வெளியே வராந்தாவில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "கண்ணை மூடிக்கோங்கம்மா. இப்ப நடக்கிற மாதிரியே சொல்லுங்க. பஸ் போயிட்டிருந்துச்சுன்னு வேண்டாம், போயிட்டிருக்குன்னு சொல்லுங்க." சொல்ல ஆரம்பித்தேன். நீல விளக்கு, குளிர், அக்காவின் சால்வை. நடுநடுவே என் படபடப்பைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "நூத்துக்கு எவ்வளவு?" தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. முடித்தவுடன், "மறுபடியும் முதல்ல இருந்து" என்றார். அரை மணி, முக்கால் மணி அப்படியே போகும். அதன் பிறகு கண்ணைத் திறந்து, சொன்னதைப் பற்றிப் பேசுவோம். வீட்டில் தினமும் அந்த ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும். என் குரலை நானே கேட்பது முதல் வாரம் மிகவும் கொடுமையாக இருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கக் கூடாது, உட்கார்ந்து அதை மட்டும் கேட்க வேண்டும் என்பது கண்டிப்பு.

எல்லாம் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் ஒரு இடத்தை ஒவ்வொரு முறையும் வேகமாகக் கடந்திருக்கிறேன். மேடம் கவனித்துவிட்டார். இருட்டில் அக்கா "தங்கச்சி, தண்ணி" என்று கேட்கிறார். என் பையில் பாட்டில் இருந்தது. நான் கொடுக்கவில்லை. இது யாருக்கும் தெரியாது, கணவரிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு உயிருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதவள் என்ற எண்ணம்தான் என் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த அமர்வுகளில் மேடம் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் மறுபடி மறுபடி சொல்ல வைத்தார். ஒருநாள் நடுவில் கேட்டார்: "இப்ப உங்க கை எங்க இருக்கு?"

வலது கை மடியில் கிடக்கிறது. தூக்கப் பார்க்கிறேன், வரவில்லை. பை காலடியில் இல்லை, எங்கேயோ முன்னால் சறுக்கிப் போய்விட்டது. இடது கை? இடது கை அக்காவின் கையைப் பிடித்திருக்கிறது. "இருங்கக்கா, ஆள் வர்றாங்க" என்று சொல்கிறேன்.

இதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். அத்தனை மாதம் துரத்திய நினைவில் இந்தப் பகுதி மட்டும் இல்லவே இல்லை, ஏனென்றால் அந்த இடத்தை ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து பீரோவில் இருந்த ஃபைலை எடுத்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியிலேயே வலது காலர் எலும்பு முறிவு என்று இருக்கிறது. நஷ்டஈடு வழக்குக்காக அதே காகிதத்தை வக்கீலுக்கு நகல் எடுத்துக் கொடுத்தவள் நான். முறிந்த தோளோடு பாட்டிலை எப்படித் தேடி எடுத்திருக்க முடியும் என்று ஒருமுறைகூட என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

அக்காவை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. அது துக்கம், இருக்கட்டும். குற்றவாளி என்ற நெருப்பு மட்டும் அணைந்துவிட்டது. அந்த நிமிடத்தைச் சொல்லும்போது 95 என்று இருந்த எண் 60 ஆகி, 40 ஆகி, கடைசியில் 20 பக்கம் வந்தது. வரைபடத் தாளில் அதைப் புள்ளி வைத்துப் போட்டேன். கோடு நேராக இறங்கவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் திடீரென்று ஏறுகிறது. ஆரம்ப வாரங்களில் சிலருக்குக் கனவும் படபடப்பும் கூடுவது உண்டு, அப்படிக் கூடியவர்களும் மற்றவர்களைப் போலவே தேறுகிறார்கள் என்று ஃபோவாவின் குழு 2002-இல் காட்டியிருக்கிறது. இதை மேடம் முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வாரத்தில் நான் கட்டாயம் நிறுத்தியிருப்பேன்.

இதோடு பக்கத்திலேயே இன்னொரு வேலை நடந்தது. நான் ஒதுங்கும் விஷயங்களையெல்லாம் பயத்தின் அளவுப்படி வரிசையாக எழுதினோம். விபத்துச் செய்தியை முழுதாக வாசிப்பது, சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றிருக்கும் பஸ்ஸில் ஏறி உட்காருவது, டவுன் பஸ்ஸில் மத்தியப் பேருந்து நிலையம்வரை போவது, பகலில் பெரம்பலூர் பஸ், அதில் இடது பக்கம் ஜன்னலோரம், கடைசியில் சென்னைக்கு இரவு பஸ். ஒவ்வொன்றிலும் பயம் ஏறி, தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பாதியில் இறங்கி ஓடினால் பயம் இன்னும் கெட்டிப்படும். நுணுக்கமான ஒன்றையும் இங்கேதான் கற்றேன். பஸ்ஸில் போனாலும் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வேன், டிரைவரையே பார்த்துக்கொண்டு வருவேன், கணவரிடம் போனில் பேசிக்கொண்டே இருப்பேன். இவையும் ஒதுங்குவதன் இன்னொரு வடிவம்தான் என்று ஒவ்வொன்றாக விடச் சொன்னார். காரில் சீட் பெல்ட், வண்டியில் ஹெல்மெட் எல்லாம் நியாயமான பாதுகாப்பு, அதை விடச் சொல்லவில்லை. நான் கம்பியைப் பிடித்திருப்பதால் பஸ் மோதாமல் இருக்கப் போவதில்லையே!

என் கணவரையும் ஒருநாள் உட்கார வைத்துப் பேசினார். "அவங்க கூட நில்லுங்க சார். அவங்களுக்குப் பதிலா நீங்க செய்யாதீங்க." அதன் பிறகு அவர் ஊரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு டோல்கேட் வழியாகவே வண்டியை ஓட்டினார். முதல் சில தடவை நான் திட்டினேன், அவர் பதில் பேசாமல் ஓட்டினார். குடும்பத்தில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாசத்தால் நாம் செய்து கொடுக்கும் சுற்றுவழிகள்தான் நோய்க்குத் தீனியாகிவிடுகின்றன. ஆனால் நீங்களாகவே ஒருவரைத் திடீரென்று இழுத்துக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றவும் கூடாது. வரிசை இருக்க வேண்டும், அவருடைய சம்மதம் இருக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தது இந்த முறை. இதே தரத்தில் ஆதாரம் உள்ள முறைகள் வேறும் உண்டு. காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி என்பது பாட்ரீஷியா ரெசிக் உருவாக்கியது, பொதுவாக 12 அமர்வுகள். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களோடு வேலை செய்து வளர்த்தெடுத்தார். இதில் சம்பவத்தை விவரமாகச் சொல்வதைவிட, அது ஏன் நடந்தது, அதனால் என்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் என்ன நம்புகிறேன் என்று எழுதி, எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொரு எண்ணமாக எடுத்து விசாரிக்கிறார்கள். 'என் தப்பு' என்ற எண்ணம் மேலோங்கி இருப்பவர்களுக்கும், விவரித்துச் சொல்லவே முடியாதவர்களுக்கும் இது நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த இரண்டையும் அமெரிக்காவில் 916 முன்னாள் படைவீரர்களிடம் ஒப்பிட்டு 2022-இல் வெளியிட்டார்கள். இரண்டிலும் தேறினார்கள், இடையே இருந்த வித்தியாசம் மிகச் சிறியது. எனவே எது சிறந்தது என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பயிற்சி பெற்றவர் பக்கத்தில் எதைச் செய்கிறாரோ அதைத் தொடங்குங்கள்.

இ.எம்.டி.ஆர். என்பதில் சிகிச்சையாளரின் விரல் இப்படியும் அப்படியும் அசைய, அதைக் கண்ணால் தொடர்ந்தபடி சம்பவத்தை மனதில் வைத்திருக்க வேண்டும். ஃபிரான்சின் ஷாபிரோ 1989-இல் முதல் ஆய்வை வெளியிட்டார். கண் அசைவுக்கே தனிப் பலன் உண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை, ஆனால் மொத்தச் சிகிச்சைக்குப் பலன் உண்டு என்பதில் ஆதாரம் வலுவாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதலில் இதற்கும் இடம் உண்டு.

ஒரே ஒரு விபத்து என்றால் என் கதை பொருந்தும். போர், இடப்பெயர்வு, வருடக்கணக்கான கொடுமை என்று காயத்தின் மேல் காயம் பட்டவர்களுக்கு நேரேட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி என்று ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. தரையில் ஒரு கயிற்றை நீட்டி, பிறந்ததிலிருந்து நடந்த நல்லவற்றுக்குப் பூவும் கெட்டவற்றுக்குக் கல்லும் வைத்து, முழு வாழ்க்கையையும் வரிசைப்படுத்திச் சொல்ல வைக்கிறார்கள். போரும் சுனாமியும் சேர்ந்து தாக்கிய இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இதைச் செய்து பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். ஆறே அமர்வுகள், நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஒப்பிடுவதற்காகத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்ற மற்றப் பாதிப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்து மண்ணில், நம் மொழி பேசும் பிள்ளைகளிடம் நடந்த வேலை என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

மாத்திரை பற்றி. செர்ட்ராலின், பாராக்செட்டின் இரண்டும் இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. எனக்கு அது உதவியது, சிகிச்சை அறையில் உட்காரும் தெம்பைக் கொடுத்தது. ஆனால் அமெரிக்கப் படைவீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து வெளியிட்ட 2023 வழிகாட்டுதல் மாத்திரையைவிட இந்தப் பேச்சுச் சிகிச்சைகளைத்தான் முன்னால் வைக்கிறது. அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரைகளை இந்த நோய்க்கு வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே பல மாதமாகச் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

இன்னொன்று. விபத்து நடந்த முதல் சில நாளில் கட்டிலைச் சுற்றி நின்று "என்ன ஆச்சு, எப்படி ஆச்சு, அந்தம்மா எப்படிச் செத்துச்சு" என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். அது சிகிச்சை ஆகாது. இங்கிலாந்தில் சாலை விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு உடனடியாக ஒரே ஒரு அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, ஆரம்பத்தில் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தவர்கள் அந்த ஆலோசனை பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். அந்த நாட்களில் வேண்டியது வலிக்கு மருந்து, சாப்பாடு, தூக்கம், பக்கத்தில் ஒரு ஆள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

சிகிச்சையாளரைத் தேடும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: நீங்கள் எந்த முறையில் செய்வீர்கள், அதில் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, நடந்த சம்பவத்தைப் பற்றி நாம் நேரடியாகப் பேசுவோமா, வீட்டில் செய்ய வேலை தருவீர்களா, குறைகிறதா இல்லையா என்று எதை வைத்து அளப்பீர்கள். எனக்கு மேடம் அந்த இருபது கேள்விகளை அடிக்கடி திரும்பக் கேட்டு மதிப்பெண் போட்டுக் காட்டுவார். பல மாதம் போயும் சம்பவத்தின் பக்கமே வராமல், அளவும் இல்லாமல் போகிறதென்றால் உங்களுக்குக் கிடைப்பது ஆறுதல். ஆறுதலும் வேண்டியதுதான், ஆனால் இந்த நோய்க்கு அது போதவில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்க வேண்டும், பெயரை வைத்து இணையத்திலேயே பார்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

இந்த ஒலிப்பதிவு வேலையைத் தனியாக வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அடிக்கும் கணவனோடு இன்னும் அதே வீட்டில் இருப்பவருக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு, அங்கே இருக்கும் பயம் உண்மையான பயம். எல்லாருக்கும் பலன் கிடைத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன், பாதியில் விடுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒரு முறை ஒத்துவரவில்லை என்றால் இன்னொன்று இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதல் நாள் போகும்போது ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: எது திரும்பத் திரும்ப வருகிறது, எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், எதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாவதை அன்றைக்கே காட்ட வேண்டும் என்பதில்லை, மடித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் காகிதங்கள் எல்லாவற்றையும், நகல் இல்லாமல் அசலாகவே, கையோடு எடுத்துப் போங்கள்.